பூமியின் பாதைக்கு உள்ளே சுற்றும் சிறுகோள்கள்: கேள்வி-பதில்

கே: அட்டீரா பூமியில் மோதுமா? 5 கி.மீ. அகலமாமே! (திண்டுக்கல்)

ப: அட்டீரா, பூமியின் பாதைக்கு உள்ளேயே சூரியனைச் சுற்றும் சிறுகோள்; இந்த வகைக்கே அதன் பெயர்தான். இப்போதுள்ள பாதையில் மோதாது. சூரியனிலிருந்து அது விலகும் உச்ச தூரமே 0.98 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம், சுமார் 15 கோடி கி.மீ.). பூமியோ சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் 0.983-ல் இருக்கிறது. அதன் பாதையும் பூமியின் பாதைக்கு 25 பாகைக்கு மேல் சாய்ந்தது. அதனால் இரண்டு பாதைகளும் மிக நெருங்கும் இடத்திலும் சுமார் 3 கோடி கி.மீ. இடைவெளி. அகலத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்.

கே: 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்கல் இந்த வகைதானே? (சேலம்)

ப: இல்லை. வந்தது சூரியன் பக்கமிருந்து. ஆனால் அதன் பாதை, பூமியின் பாதையைக் கடந்து செவ்வாய்க்கு அப்பால்வரை போய்வரும் அப்பல்லோ வகை. வந்த திசையையும் சுற்றும் பாதையையும் குழப்பாதீர்கள்.

கே: என் 6 அங்குலத் தொலைநோக்கியில் அய்லோச்சாக்னிம் சிறுகோள் தெரியுமா? (ஓசூர்)

ப: கண்ணுக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் சிக்கியபோதே சுமார் 18 மேக்னிடியூட் (ஒளி அளவு; எண் கூடக் கூட மங்கல்). வெள்ளியின் பாதைக்குள்ளேயே சுற்றுவதால் சூரியனை விட்டு 40 பாகை அளவில்தான் விலகும். சூரியன் முழுதாக மறையும் முன் கருவியை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். கண் போய்விடும்.

கே: இத்தனை பெரிய தொலைநோக்கிகள் இருந்தும் இந்த வகையில் நாற்பதை ஒட்டித்தானா கண்டுபிடித்தார்கள்? (மதுரை)

ப: இவை நள்ளிரவு வானுக்கு வருவதே இல்லை. அந்தியிலும் விடியலிலும் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். அடிவானிலிருந்து 20 பாகை உயரத்தில் பார்த்தால், உச்சியைப் போல மூன்று மடங்கு காற்றைத் துளைத்துத்தான் ஒளி வர வேண்டும். நமக்கு அருகில் வரும்போது காட்டுவது இருண்ட பக்கம். போதாததற்கு, அந்த நேரத்தில்தான் செயற்கைக்கோள்கள் வெயில் பட்டுப் படமெல்லாம் கோடு கிழிக்கின்றன.

கே: இணைத்துள்ள படத்தில் விடியலுக்கு முன் ஒரு புள்ளி. புதிய அட்டீராவா? பெயர் வைக்கலாமா? (விருதுநகர்)

ப: ஒரே படம். நேரம் இல்லை, இடம் இல்லை, எத்தனை நொடி எடுத்தது என்றும் இல்லை. பெயர் மட்டும் தயார்! மாதாமாதம் இப்படி வருகிறது. இந்த வகை எனக் கருதப்பட்ட 1998 டிகே36 என்ற சிறுகோளை ஹவாயில் வானியலாளர் டேவிட் தோலன் கண்டார். போதிய இரவுகள் தொடர்ந்து பார்க்க முடியாமல் அது தொலைந்தே போனது. அதனால்தான் 2003 பிப்ரவரியில் லீனியர் என்ற அமெரிக்கச் சிறுகோள் தேடல் திட்டம் கண்ட அட்டீரா இவ்வகையின் முதல் உறுதியான சிறுகோள் ஆனது. ஒரு புள்ளியை வைத்துப் பாதை போட முடியாது.

குறைந்தது நான்கு படம், ஐந்து நிமிட இடைவெளியில். மறுநாளும் அதே வேலை. இவை நாளுக்கு 2 பாகை ஓடினால் நிமிடத்துக்கு 5 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு); ஒரு நிமிடம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். 20 நொடிப் படங்களாக எடுத்து, நகர்வுக்கு ஏற்பத் தள்ளி அடுக்குங்கள். கணினிக் கடிகாரம் 12 நொடி பிசகினால் இடம் ஒரு விகலை பிசகும். படம் எடுக்கும் முன் இணைய நேரத்தோடு ஒத்திசையுங்கள். உலக நேரத்துக்கு ஐந்தரை மணி கழிக்கும்போது தேதியையும் பாருங்கள்: 12-ம் தேதி காலை 5 மணி என்பது 11-ம் தேதி 23:30. பலர் சறுக்குவது இங்கேதான். நான்கு படத்திலும் புள்ளி சென்சாரின் அதே பிக்சலில் நின்றால் அது பழுதான பிக்சல், சிறுகோள் அல்ல. முதலில், உலகெங்கும் கண்ட சிறுகோள்களைப் பதிவு செய்யும் சிறுகோள் மையத்தின் (Minor Planet Center) பட்டியலில் தேடுங்கள்; ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கே: சூரியனுக்கு மிக அருகில் போவது எது? (புதுச்சேரி)

ப: இதுவரை கண்ட அட்டீராக்களில் 2021 பிஎச்27. சுமார் 2 கோடி கி.மீ. வரை நெருங்கும், ஒரு சுற்றுக்கு 114 நாள்.

கே: இந்தத் தேடலில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா? (நாகர்கோவில்)

ப: சூரியன் பக்கத்துச் சிறுகோள்களைத் தேட கனடா செய்த நியோசாட் என்ற தொலைநோக்கிச் செயற்கைக்கோளை 2013 பிப்ரவரி 25 அன்று ஏற்றிச் சென்றது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய ராக்கெட் பி.எஸ்.எல்.வி. சி-20.