எந்த ஊர் வெயில்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து நான் செய்த ப்ராஜெக்டுகளை எல்லாம் இந்த விடுமுறையில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். சமூக அறிவியலுக்கு எகிப்து பிரமிடு, ஆங்கிலத்துக்குப் பனிவீடு, ஓவியத்துக்கு ஆப்பிரிக்க முகமூடி, கணக்குக்குத் தென் அமெரிக்க இன்கா மக்கள் எண்களை முடிச்சுகளாகப் போட்டு வைத்த கயிறான கீப்பு. முகமூடிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏழு வண்ணங்கள், சிப்பி, சணல் எல்லாம் வைத்துச் செய்தேன். பிரமிடுக்குப் பத்துக்குப் பத்து. இன்னும் பள்ளி அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கீப்புக்கு ஆறுதான். அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் நூலில், அம்மா ஒரு வாரம் தைத்த பீஸ் கணக்கை முடிச்சாகப் போட்டேன். ஒரு நாள் 304 பீஸ். நடுவில் வரும் பூஜ்யத்துக்கு என்ன முடிச்சு என்று தெரியாமல் தவித்து, கடைசியில் இடம் விட்டுவிட்டேன். வெறும் கயிறாக இருக்கிறது, அலங்காரமே இல்லை என்று மிஸ் சொன்னார். கோலமும் பட்டியலில் இருந்தது. அது நம் வீட்டில் தினமும் போடுவதுதானே என்று எடுக்கவில்லை.

இந்த மாதிரி படைப்பாற்றல் வேலைகளால் மற்றப் பண்பாடுகளை உண்மையாகவே தெரிந்துகொள்கிறோமா? இதெல்லாம் நேர விரயம், நுழைவுத் தேர்வுக்குப் படி என்கிறாள் என் தோழி. நான் ஆர்க்கிடெக்சர் எடுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாள் இரவு, பேனா மை வாங்க எங்கள் தெரு ஸ்டேஷனரி கடைக்குப் போயிருந்தேன். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வேலையிலிருந்து நேராக வந்த ஒருவர் மூச்சு வாங்கியபடி, “எரிமலை ரெடிமேடா இருக்கா? நாளைக்குக் காலையில பையன் கொண்டு போகணும்” என்று கேட்டார். இருந்தது. தெர்மாக்கோலில் செய்து, சிவப்புப் பெயின்ட் வழிய விட்டு, பாலிதீன் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தார்கள். அவர் பணம் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதைப் போல அதைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்கு எரிமலை என்றால் கடைசிவரை அந்தத் தெர்மாக்கோல்தானே?

2012இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் நடுவே அவ்வப்போது செய்யும் வேலைகளுக்கு என்று 100இல் 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் அது. ஆனால் பல வீடுகளில் அது அம்மாக்களின் ராத்திரி வேலையாகவும் கடைக்காரரின் வியாபாரமாகவும் முடிந்தது. நீ உன் கையால் செய்தாய். அந்த மட்டில் உன்னை அணைத்துக்கொள்கிறேன்.

உன் தோழி சொல்வதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவள் படிக்கட்டும், நீயும் படி, இரண்டுக்கும் நாளில் நேரம் இருக்கிறது. பனிவீட்டையும் விட்டுவிடுகிறேன். பஞ்சை ஒட்டியிருப்பாய், அவ்வளவுதான்.

முகமூடிக்கு வருவோம். கடிதத்தில் மூன்று வரி அதற்கு எழுதியிருக்கிறாய். ஆப்பிரிக்க முகமூடி என்கிறாய். ஆப்பிரிக்காவில் எங்கே தாயி? 54 நாடுகள் இருக்கின்றன அங்கே. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு பிள்ளை நம் புரிசைத் தெருக்கூத்துக் கிரீடத்தைக் காகிதத் தட்டில் வெட்டி, ‘ஆசியத் தொப்பி’ என்று எழுதி ஒட்டினால் உனக்கு எப்படி இருக்கும்? நைஜீரியாவிலும் பெனினிலும் வாழும் யொரூபா மக்களிடம் கெலெடே என்று ஒரு ஆட்டம் உண்டு. தாய்மார்களையும் மூத்த பெண்களையும் போற்றி ஆடுவது. அந்த மரச் சிற்பத்தை முகத்தில் கட்டுவதில்லை, தலைக்கு மேல் வைக்கிறார்கள். முகத்தைத் துணி மறைக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஒரு முகமூடி செய்திருந்தால், இத்தனை கனத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவரின் கழுத்து என்ன பாடுபடும் என்ற கேள்வியாவது உனக்கு வந்திருக்கும். ஏழு வண்ணமும் சணலும் உனக்கு அந்தக் கேள்வியைத் தரவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பத்தாம் வகுப்பு படித்தேன். ஜூலை மாதம். நானும் என் நண்பனும் பள்ளி நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் சூரியக் கடிகாரப் படம் பார்த்தோம். கல் மேடை, வட்டம், நடுவே நிமிர்ந்து நிற்கும் முக்கோணம். தகர டப்பாவை வெட்டி அதே மாதிரி முக்கோணம் செய்தோம். படத்தில் இருந்த மணிக் கோடுகளை அப்படியே காப்பியடித்து, மைதானத்து ஓரத்தில் சிமென்ட் பூசி நட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. காலை எட்டு மணிக்கு அது காட்டியது எட்டு மணியே இல்லை. நடுப்பகலை ஒட்டிக் கொஞ்சம் பொருந்தியது. மாலையில் மறுபடி எங்கோ போனது.

எங்கள் புவியியல் ஆசிரியர் வந்து பார்த்தார். எங்கள் கையில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். “இது எந்த ஊர் வெயில்டா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி புரிய எங்களுக்குப் பத்து நாள் ஆனது. படத்தில் இருந்தது இங்கிலாந்துத் தோட்டம். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு எத்தனை பாகை உயர வேண்டும் என்பதை அந்த ஊரின் அட்சரேகைதான் முடிவு செய்கிறது. லண்டனுக்கு 51 பாகைக்கு மேல். எங்கள் ஊருக்கு வெறும் 10. நாங்கள் மதுரை வெயிலுக்கு லண்டன் முக்கோணத்தை நட்டிருந்தோம். பிடுங்கிவிட்டு மறுபடி வெட்டினோம். 10 பாகைக்கு வெட்டியபோது அது முக்கோணம் மாதிரியே இல்லை, தரையில் படுத்த ஓலைக்கீற்று மாதிரி இருந்தது. லாக் புத்தகத்தில் சைனும் டேனும் பார்த்துப் போட்ட கோடுகள் நண்பகலைச் சுற்றி நெருக்கியடித்தன. அழகு போய்விட்டது. வடக்கு எது என்று பார்க்க ஆசிரியரே கற்றுக்கொடுத்தார். தரையில் வட்டம் போட்டு நடுவில் குச்சி நட வேண்டும். காலையில் அதன் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்துச் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு என்னும் குச்சியை நட்டுத் திசை பார்ப்பது இப்படித்தான் என்றார்.

எல்லாம் முடிய நவம்பர் ஆகிவிட்டது. ஆசிரியரின் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். நானும் நண்பனும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பள்ளியே வந்து பார்த்தது.

டிசம்பர் கடைசியில் அது பின்தங்கத் தொடங்கியிருந்தது. பிப்ரவரியில் அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதம். மேடை சரிந்துவிட்டது என்று நினைத்துக் கடப்பாரையோடு போனோம். ஆசிரியர் தடுத்தார். “பிடுங்காதே. எழுதி வை” என்றார். வெள்ளிக்கிழமைதோறும் எழுதி வைத்தோம். அந்த நோட்டு அப்புறம்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னது. நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரமே இல்லை. உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் அது. எங்கள் ஊர் அதற்கு மேற்கே நாலு பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால், சூரியன் எங்கள் உச்சிக்கு வர இன்னும் 17, 18 நிமிடம் ஆகும். அது போதாதென்று பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பரில் இரண்டு வித்தியாசமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனதைத்தான் நாங்கள் வெற்றி என்று கொண்டாடியிருந்தோம். அந்த வேலைக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. அடுத்த நவம்பரில், பள்ளியை விட்டுப் போன பிறகும் சுவர் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்தேன். மறுபடி அதே ஒரு நிமிடம்.

இதை வைத்துக்கொண்டு உன் பிரமிடைப் பார். அது உன்னிடம் எப்போதாவது ‘தப்பு’ என்று சொன்னதா? நாலு முக்கோண அட்டையை எந்தச் சாய்வில் சேர்த்தாலும் அது பிரமிடு மாதிரி இருந்துவிடும். அதைக் கட்டியவர்களுக்கு அந்தச் சுகம் இல்லை. கீழே ஒரு விரல் பிசகினால் உச்சியில் நாலு முகமும் சேராது. அதற்கு அவர்கள் வைத்திருந்த கணக்கின் பெயர் செகெத். ஒரு முழம் உயரும்போது எத்தனை கை உள்ளே தள்ள வேண்டும் என்பது அது. கை என்றால் இங்கே உள்ளங்கை அகலம். முழத்துக்கு ஏழு கை, கைக்கு நாலு விரல். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்கு ஐந்தரைக் கை வரும். உன் தமிழ் முழத்தையும் விரற்கடையையும் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம் நீ. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் மெரெர் என்ற மேற்பார்வையாளனின் நாட்குறிப்பு கிடைத்தது. படகில் ஆட்களோடு துரா கல்குவாரியிலிருந்து, அந்தப் பிரமிடு நிற்கும் கீஸாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறான். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வேலைக் கணக்கு. அந்தக் கல் வெள்ளை. வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக மினுங்கிய பிரமிடுக்கு நீ மஞ்சள் மரத்தூள் ஒட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்.

கீப்பு அப்படியில்லை. அதைப் பற்றித்தான் நீ குறைவாகப் பெருமைப்படுகிறாய், எனக்கு அதுதான் தாங்கவில்லை. 304க்கு நடுவில் இடம் விட்டேன் என்று குற்றம் செய்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய். இன்கா கணக்காளர்கள் செய்தது அதையேதான். தாய்க்கயிற்றிலிருந்து தொங்கும் கயிறில் மேலே நூறு, அதற்குக் கீழே பத்து, கடைசியில் ஒன்று. இல்லாத இடத்துக்கு முடிச்சு இல்லை. நூறுக்கும் பத்துக்கும் ஒற்றை முடிச்சுகள். ஒன்றின் இடத்தில் மட்டும், நாலு என்றால் நாலு சுற்றுச் சுற்றிய நீள முடிச்சு. ஏன் அங்கே மட்டும் வேறு முடிச்சு என்று யோசித்தாயா? எண் எங்கே முடிகிறது என்று இருட்டில் தடவினாலும் தெரிய வேண்டும். ஒன்று என்ற எண்ணுக்கு நீள முடிச்சு போட முடியாது, ஒரு சுற்றுச் சுற்றினால் அது ஒற்றை முடிச்சாகிவிடும். அதனால் அதற்கு எட்டு வடிவ முடிச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தத் தசம முறையை லேலண்ட் லாக் என்பவர் 1912இல்தான் விளக்கிக் காட்டினார். அதற்கு முன்னூறு வருஷத்துக்கும் முன்பே, 1583இல், பெருவின் லிமாவில் கூடிய திருச்சபை மாமன்றம் கீப்புகளை எரிக்கச் சொல்லியிருந்தது. எரியாமல் தப்பியவற்றில் எண்களைப் படிக்கிறார்கள். கதை சொல்பவை என்று கருதப்படும் கயிறுகளை இன்னும் படிக்க முடியவில்லை.

அந்த மலைநாட்டுக் கணக்கனுக்கு வந்த அதே தவிப்பு திருப்பூரில் வேஸ்ட் நூலோடு உட்கார்ந்திருந்த உனக்கு வந்தது. அவன் கண்ட வழியையே நீயும் கண்டாய். உன் மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன், நாற்பது ப்ராஜெக்டை ஒரே பிற்பகலில் பார்க்கிறவருக்குப் பளபளப்புத்தான் கண்ணில் படும். ஆனால் நீ ஏமாறலாமா? என் பாட்டி அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு போட்டுத்தான் பால் கணக்கு வைத்திருந்தார். பால்காரரோடு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

கோலத்தை நம் வீட்டில் போடுவதுதானே என்று தள்ளினாயே, அதற்கும் ஒரு குட்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் அதே புள்ளிக் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நாளைக் காலை சிக்குக் கோலம் போடும்போது, கோடு ஒரே இழையாக முடிகிறதா, எத்தனை இழையாகப் பிரிகிறது என்று மட்டும் பார்.

ஆர்க்கிடெக்சர் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தப் படிப்பைப் படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது கேள், என்னிடம் கேட்காதே.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கீப்புகளில் சிலவற்றில், தொங்கும் கயிறுகளின் கூட்டுத்தொகையைக் காட்ட மேல்நோக்கி ஒரு தனிக் கயிறு இருக்கும். உன்னுடையதில் அது இல்லை என்று நினைக்கிறேன். ஆறு நாள் கயிற்றையும் கூட்டி அந்தக் கயிற்றைக் கட்டு. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி அம்மா வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து, நீ முடிச்சுப் போட்ட அந்த வாரத்து பீஸ் நோட்டை அவரைப் படிக்கச் சொல். நீ விரலால் முடிச்சைத் தடவிக்கொண்டே வா. கூட்டு சரியாக வந்ததா என்று எனக்கு எழுது. வராவிட்டாலும் எழுது, எந்தக் கயிற்றில் பிசகியது என்பதோடு.