வான்கப்பலின் வயிற்றில் ஒரு போர் விமானம்: ஸ்பாரோஹாக் கேள்வி பதில்

அமெரிக்கக் கடற்படை 1930-களில் வான்கப்பலில் (காற்றைவிட லேசான வாயுவால் மிதந்து பறக்கும் ராட்சதக் கலம்) வைத்துச் சோதித்துப் பார்த்த, கர்ட்டிஸ் நிறுவனத்தின் ஸ்பாரோஹாக் என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, வான்கப்பலுக்கென்றே வடிவமைத்த விமானமா இது?

இல்லை. கடற்படை 1930-ல் கேட்டது விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஒரு குட்டிப் போர் விமானம். கர்ட்டிஸ் செய்து கொடுத்த முதல் மாதிரி 1931 பிப்ரவரியில் பறந்தது. ஆனால் சோதனையில் தேறவில்லை. இறங்கும்போது விமானிக்குக் கீழே சரியாகத் தெரியாது என்பது முக்கியக் குறை. அத்தோடு அதை ஓரங்கட்டியிருப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒஹையோவில் 785 அடி நீள அக்ரான் வான்கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் விமானக் கொட்டகை உண்டு, வாசல்தான் சிறியது. 25 அடி சொச்சம் இறக்கை அகலம் கொண்ட இந்த விமானம் அதில் நுழையும்! அளவுதான் இதைக் காப்பாற்றியது.

அடுத்த மாதிரியைக் கர்ட்டிஸ் சொந்தச் செலவில் கட்டி, மேல் இறக்கையை 4 அங்குலம் உயர்த்தியது. கடற்படை 6 விமானங்கள் வாங்கியது. மாதிரிகளையும் சேர்த்தால் மொத்தமே 8.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும் வான்கப்பலுக்குள் எப்படிப் போகும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேல் இறக்கைக்கு மேலே ஒரு கொக்கி. வான்கப்பலின் அடியிலிருந்து சர்க்கஸ் பார் மாதிரி ஒரு சட்டம் கீழே இறங்கும். விமானி பின்னால், கீழிருந்து மெதுவாக வருவார். வான்கப்பலின் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 130 கி.மீ.தான், விமானம் தன் வேகத்தைக் குறைத்து அதோடு ஒத்துப்போக வேண்டும். சட்டம் விமானத்தின் மூக்கிலுள்ள சுழலியில் (புரொப்பெல்லர்) பட்டுவிடாமல் கொக்கிக்கு முன்னால் ஒரு வழிகாட்டிக் கம்பி உண்டு. கொக்கி மாட்டியதும் இன்னொரு பிடி இறங்கி, விமானம் ஆடாமல் அமுக்கிக்கொள்ளும். அப்புறம் அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். புறப்படும்போது கொக்கியை விடுவித்தால் போதும், விமானம் கீழே விழுந்து பறக்கத் தொடங்கும். 1931 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் என்ற வான்கப்பலில் முதல் மாதிரியை இப்படி மாட்டிக் காட்டினார்கள்.

கேள்வி: சண்டையில் தாக்குப்பிடித்திருக்குமா?

சந்தேகம்தான். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகம். அதன் உண்மையான வேலை உளவு என்பது போகப் போகத்தான் புரிந்தது. வான்கப்பல் பின்னால் ஒளிந்திருக்க, விமானங்கள் முன்னால் போய்க் கடலைத் துழாவும். அக்ரானின் தங்கையான மேக்கன் என்ற வான்கப்பலில், சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தினார்கள். சக்கரம் இல்லாமல் நடுக்கடலில் பறப்பது என்றால், திரும்பி வந்து கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். அந்த விமானிகளின் நெஞ்சுரத்தை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அது பலித்ததா?

பலித்தது. 1934 ஜூலையில் அதிபர் ரூஸ்வெல்ட் ஹூஸ்டன் போர்க்கப்பலில் ஹவாய்க்குப் போய்க்கொண்டிருந்தார். மேக்கனின் தளபதி வைலி யாரிடமும் கேட்காமல் பசிபிக்கில் அந்தக் கப்பலைத் தேடிப் பிடித்தார். சக்கரமில்லாத இரண்டு ஸ்பாரோஹாக்குகள் கப்பலுக்கு மேலே வந்து செய்தித்தாள்களைப் போட்டுவிட்டுப் போயின. மேலதிகாரிகளுக்குக் கோபம், அதிபருக்கோ மகிழ்ச்சி.

கேள்வி: பிறகு ஏன் கைவிட்டார்கள்? விமானத்தில் கோளாறா?

விமானத்தின் மேல் பழி இல்லை, அதைச் சுமந்த கப்பல்கள்தான் போய்விட்டன. 1933 ஏப்ரல் 4 அன்று அக்ரான் புயலில் அட்லாண்டிக்கில் விழுந்து 73 பேர் இறந்தார்கள், மூவர்தான் பிழைத்தார்கள். இறந்தவர்களில் கடற்படை விமானப் பிரிவின் தலைவர் மோஃபெட்டும் ஒருவர். மேக்கனின் வால் பகுதி 1934-ல் டெக்சஸ் வானில் சேதமடைந்தது. அதை முழுவதும் பழுதுபார்ப்பதற்குள், 1935 பிப்ரவரி 12 அன்று கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் அருகே மேல் துடுப்பு பிய்ந்துபோய்க் கடலில் இறங்கியது. இம்முறை உயிர்காப்பு உடைகள் இருந்ததால் இறந்தவர்கள் இருவர் மட்டுமே. என்னைக் கேட்டால், அந்தப் பழுதை முடிக்காமல் பறக்கவிட்டதுதான் மன்னிக்க முடியாதது.

கேள்வி: இப்போது எங்காவது பார்க்க முடியுமா?

ஒன்றே ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உத்வார்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. மேக்கனோடு மூழ்கிய நான்கும் பாயின்ட் சர் கடலடியில் கிடக்கின்றன.