ஓய்வுநிலை உராய்வு எவ்வளவு? முடுக்கத்திடம் கேளுங்கள்

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. லாரித் தளத்தில் 20 கிலோ பெட்டி இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. லாரி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது, பெட்டி சறுக்கவில்லை. உராய்வு விசை எவ்வளவு என்பது கணக்கு. மியூவை (அந்தக் குணகத்தை) செங்குத்து விசையால் (பரப்பு தனக்குச் செங்குத்தாகப் பெட்டியைத் தள்ளும் விசை) பெருக்கி 80 நியூட்டன் என்று எழுதினேன். விடை 40 நியூட்டன், அதுவும் லாரி போகும் திசையிலேயே என்று போட்டிருக்கிறது. உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்றுதானே படித்தோம்?

பதில்: நீங்கள் கண்டுபிடித்த 80 நியூட்டன், அந்தத் தளம் அதிகபட்சம் எவ்வளவு உராய்வு தர முடியும் என்பதற்கான விடை. கேட்டது, இந்த நொடியில் எவ்வளவு தருகிறது என்று. ஓய்வுநிலை உராய்வில் இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு எண்கள்.

தரையில் 5 கிலோ பெட்டி ஒன்று கிடக்கிறது, குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் எல்லை 25 நியூட்டன். நீங்கள் 12 நியூட்டனால் தள்ளுகிறீர்கள், பெட்டி அசையவில்லை. அப்போது உராய்வு 25 நியூட்டன் இருந்தால் மிச்சம் 13 நியூட்டன் பெட்டியை உங்கள் பக்கமாகவே தள்ள வேண்டும்! அப்படி எங்கும் நடப்பதில்லை. 12 தள்ளினால் 12, 20 தள்ளினால் 20. கையை எடுத்துவிட்டால் பூஜ்யம். தேவைப்படும் அளவுக்கு மட்டும் எழும் விசை இது. மியூவும் செங்குத்து விசையும் சேர்ந்து அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே ஓய்வுநிலை உராய்வைத் தெரியாத ராசியாக வைத்து, நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது லாரிக்கு வருவோம். பெட்டி சறுக்கவில்லை என்றால் அதற்கும் லாரியின் முடுக்கமே, 2 மீ/வி². கிடைத்திசையில் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது தளம் மட்டுமே. ஆக, 20 கிலோவை முடுக்கும் விசை உராய்விலிருந்துதான் வந்தாக வேண்டும்: 20 × 2 = 40 நியூட்டன். எல்லையான 80-ஐவிடக் குறைவு, எனவே பெட்டி தாக்குப்பிடிக்கும்.

திசைச் சந்தேகமும் இதிலேயே தீர்கிறது. உராய்வு எதிர்ப்பது இரண்டு பரப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதைத்தான். சாலையைப் பொறுத்த இயக்கத்தோடு அதற்குப் பகை எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால், தளத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். லாரி முன்னே போகும், பெட்டி தளத்தின்மேல் பின்பக்கம் வழுக்கும். அதைத் தடுக்க உராய்வு முன்னோக்கித்தான் இருந்தாக வேண்டும். நாம் நடக்கும்போது தரை நம்மை முன்னே தள்ளுவதும் இதே ஓய்வுநிலை உராய்வால்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் லாரிக்குள் உட்கார்ந்து பார்ப்பதுபோல் பின்னோக்கி ஒரு போலி விசை வரைந்துவிட்டு, சமன்பாட்டின் மறுபக்கம் நிறை பெருக்கல் முடுக்கத்தையும் எழுதிவிடுவார்கள். இரண்டில் ஒன்றுதான் வரலாம். தொடக்கத்தில் சாலையில் நின்று பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள், போலி விசையே வேண்டியதில்லை.

சரி, பெட்டி சறுக்காமல் இருக்க லாரியின் முடுக்கம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் 80 நியூட்டன் தேவை. 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4 மீ/வி². நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால், பெட்டி 200 கிலோ இருந்தாலும் இதே 4 தான். கனமான சரக்கு தானாக நகராது என்று நம்பிக் கயிறு கட்டாமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. பிரேக் போடும்போதும் வரம்பு அதேதான், உராய்வு பின்னோக்கித் திரும்பும், அவ்வளவே. மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது 15 மீ/வி வேகத்தில் போகும் லாரி, வேகத்தைச் சீராகக் குறைத்து சுமார் 28 மீட்டருக்குள் நின்றால், கட்டாத பெட்டி முன்னே சறுக்கும்.

அடுத்து நீங்கள் சந்திக்கப்போவது ஒன்றின்மேல் ஒன்று வைத்த கட்டைகள். வழுவழுப்பான தரையில் 3 கிலோ கட்டை, அதன்மேல் 2 கிலோ கட்டை. இடையே ஓய்வுநிலைக் குணகம் 0.3, இயக்க உராய்வுக் குணகம் 0.2. கீழ்க்கட்டையை 8 நியூட்டனால் இழுக்கிறோம். சறுக்குமா சறுக்காதா என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் சறுக்கவில்லை என்று முதலில் வைத்துக்கொண்டு, அது நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். மொத்தம் 5 கிலோ, முடுக்கம் 1.6 மீ/வி². மேல்கட்டைக்குத் தேவையான உராய்வு 2 × 1.6 = 3.2 நியூட்டன். எல்லை 0.3 × 20 = 6. தாங்கும்.

இழுவையை 20 நியூட்டன் ஆக்குங்கள். சேர்ந்து போனால் முடுக்கம் 4 ஆகும், தேவையான உராய்வு 8. ஆனால் எல்லை 6 தான். ஆக, நம் அனுமானம் உடைந்தது, கட்டைகள் சறுக்குகின்றன. இந்த இடத்தில் 6-ஐ எடுத்துக்கொண்டு மேலே போவது பெரிய தவறு. சறுக்க ஆரம்பித்தபின் இயக்க உராய்வுதான்: 0.2 × 20 = 4 நியூட்டன். மேல்கட்டையின் முடுக்கம் 4 ÷ 2 = 2 மீ/வி². கீழ்க்கட்டைக்கு (20 − 4) ÷ 3, சுமார் 5.3 மீ/வி². கீழே இருப்பது வேகமாக முந்துகிறது, சறுக்கல் என்ற முடிவோடு இது ஒத்துப்போகிறது.

சேர்ந்தே நகர அதிகபட்ச இழுவை எவ்வளவு என்றால், எதை இழுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கீழ்க்கட்டையை இழுத்தால், உராய்வு 2 கிலோ மேல்கட்டையை முடுக்க வேண்டும். 6 ÷ 2 = 3 மீ/வி², ஆக 5 × 3 = 15 நியூட்டன் வரை இழுக்கலாம். மேல்கட்டையை இழுத்தால் உராய்வு 3 கிலோவை முடுக்கியாக வேண்டும். 6 ÷ 3 = 2 மீ/வி², அப்போது வரம்பு 10 நியூட்டன்தான். நுழைவுத் தேர்வுகளில் இந்த வேறுபாட்டை வைத்தே கேள்வி கேட்பார்கள். உராய்வு மட்டுமே தள்ளிக்கொண்டு போகும் கட்டை எது என்று அடையாளம் கண்டு, அதற்குத் தனியாக விசைப்படம் வரையுங்கள். முதல் சமன்பாடு அதற்குத்தான்.

கடைசியாக, செங்குத்து விசை என்றதும் நிறையைப் பத்தால் பெருக்கும் பழக்கம். கயிற்றை மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் அது குறையும், சாய்தளத்திலும் குறையும். இன்னொரு வகைக் கணக்கில் அது முழுக்கவே முடுக்கத்திலிருந்து வரும். முடுக்கிச் செல்லும் வண்டியின் செங்குத்தான முன்புறப் பரப்பில் ஒரு கட்டையை ஒட்டிவைத்தாற்போல் வைக்கிறோம், எவ்வளவு முடுக்கத்தில் அது கீழே விழாது? இங்கே செங்குத்து விசை கிடைத்திசையில் இருக்கிறது, அளவு நிறை பெருக்கல் முடுக்கம். உராய்வு மேல்நோக்கி, கட்டையின் எடைக்குச் சமம். எடை, மியூ பெருக்கல் செங்குத்து விசையைத் தாண்டக் கூடாது என்று எழுதினால் நிறை மறுபடி அடிபடும். குணகம் 0.4 என்றால் வண்டியின் முடுக்கம் குறைந்தது 10 ÷ 0.4 = 25 மீ/வி² வேண்டும். அதைவிட வேகமாக, 30-இல் முடுக்கினாலும் உராய்வு அதிகரிக்காது. கட்டையின் எடை எவ்வளவோ, அவ்வளவில்தான் நிற்கும்.