2-எத்தில்-3-மெத்தில்பென்டேன் ஏன் தவறு?

நீங்கள் எழுதிய 2-எத்தில்-3-மெத்தில்பென்டேனில் எண்கள் சரிதான், தாய்ச் சங்கிலிதான் தப்பு. அல்கேனில் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் உள்ள ஹைட்ரோகார்பன்) பெயருக்கு அடிப்படையான தாய்ச் சங்கிலி, இருப்பதிலேயே நீளமான கார்பன் சங்கிலியாக இருக்க வேண்டும். தாளில் நேராகக் கிடக்கும் 5 கார்பனை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். சங்கிலி நேராகத்தான் ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, மூலையில் திரும்பலாம்.

பென்சிலை எத்தில் கிளையின் நுனியில் வையுங்கள். கிளையின் 2 கார்பன், நீங்கள் 2 என்று குறித்தது, பிறகு உங்கள் 3, 4, 5. மொத்தம் 6, ஆக ஹெக்சேன். உங்கள் முதல் கார்பன் இப்போது வெறும் மெத்தில் (1 கார்பன்) கிளையாகிவிடும். பெயர் 3,4-டைமெத்தில்ஹெக்சேன். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் 3,4 தான் வரும். பழைய பெயரிலும் புதிய பெயரிலும் மொத்தம் 8 கார்பன் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள். கிளையைத் தொலைப்பதுதான் அடிக்கடி நடப்பது.

விடையில் 1-மெத்தில், 2-எத்தில், 3-புரோப்பைல் (3 கார்பன் கிளை) என்று வந்தாலே சந்தேகப்படுங்கள். வளையமில்லா அல்கேனில் இவை வரவே வராது: கிளையின் நீளம் அதன் இட எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், அந்தக் கிளை வழியாகப் போகும் சங்கிலியே நீளம்.

இதை அப்படியே அல்கீனுக்கு (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ளது) கொண்டுபோகாதீர்கள். 2-எத்தில்பியூட்-1-ஈன் என்பது பாடப்புத்தக முறையில் சரியான பெயர், ஏனென்றால் அங்கே இரட்டைப் பிணைப்பு சங்கிலிக்குள் இருப்பதற்கே முதலிடம். வேதிப் பெயர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2013 பரிந்துரையில் நீளத்துக்குத்தான் முதலிடம்; அதன்படி அது 3-மெத்திலிடீன்பென்டேன். தேர்வுக்கு உங்கள் புத்தக முறையிலேயே எழுதுங்கள்.