சக்கையா, சூழ்ந்து பார்க்க?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது, ஒரு குறையும் கிடையாது. சும்மா ஒரு புராஸ்டேட் புற்றுநோய் ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமென்று திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போனால், அரசு மருத்துவமனை டாக்டர் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். இலவச டெஸ்ட்டுக்குமா கஞ்சத்தனம்?
- வாசகர், களியக்காவிளை

பதில்: ‘சும்மா’ என்று எழுதினீர்களே அண்ணாச்சி, அங்கேயே நின்றுவிட்டேன். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்திலும் ‘சும்மா’தான். அங்கிருந்து நம் பக்கம் வந்த நெய்யாற்றுத் தண்ணீர் 2004-ல் நின்றுபோனது. அந்தச் சொல் மட்டும் தடையில்லாமல் பாய்கிறது.

பத்து வயதில் நானும் சும்மாதான் பார்த்தேன். மரத்தில் தொங்கிய சக்கையில் கத்தியால் முக்கோணமாக ஒரு துண்டு எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துண்டைத் திரும்பச் செருகிவிட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலாம் நாள் ஈ மொய்த்தது, அப்புறம் அழுகி விழுந்தது. அத்தை என்றால் விரலால் தட்டி ஓசையிலேயே சொல்லிவிடுவாள். (‘சக்கை’ பிழிந்துபோட்ட மிச்சம், ‘பலா’ என்று திருத்துக என மாதாமாதம் கார்டு போடும் மதுரை அன்பருக்கு: திருத்த மாட்டேன்.)

‘சக்கையானால் சூழ்ந்து (குடைந்து) பார்க்கலாம், மனுஷனை எப்படி?’ என்று மலையாளத்தில் ஒரு சொலவடை உண்டு. டாக்டர்கள் மனுஷனையும் சூழ்ந்து பார்க்கிறார்கள். பயாப்ஸி என்று பெயர். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் ஸ்பெசிபிக் ஆன்டிஜென், அந்தச் சுரப்பி விடும் ஒரு புரதம்) அளவு வயதானாலே ஏறும், வெறும் வீக்கத்துக்கும் ஏறும். ஏறினால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசி. அதில் ஏதாவது அகப்பட்டால் ஆபரேஷன் வரை போகலாம், அதன்பின் சிலருக்கு மூத்திரம் அடக்க முடியாத பாடு. இத்தனைக்கும் அந்த வயதில் பல கட்டிகள் ஆளைத் தொடாமலே கிடக்கும். 1970-ல் புராஸ்டேட் ஆன்டிஜெனைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளினே 2010-ல் இந்த டெஸ்ட்டைப் பொதுச் சுகாதாரப் பேரழிவு என்று எழுதினார். 70 தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் சொன்னது. டாக்டர் மிச்சம்பிடித்தது அரசாங்கக் காசை அல்ல, உங்கள் அப்பாவை.

மூத்திரத்தில் ரத்தம், எலும்பில் வலி என்றால் கதை வேறு, அன்றைக்கே போக வேண்டும்.

சரி, அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுவாரா? அதை எழுதவில்லையே. திருவனந்தபுரம் மாவட்டப் பஞ்சாயத்துகளில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஊசி இல்லை, திருவனந்தபுரம் பஸ்ஸும் இல்லை. இன்றைக்கே அப்பாவிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

“சும்மா இருடே” என்பார்.