இடிக்காமல் போன டாக்ஸியால் விபத்து: நஷ்டஈடு கிடைக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் ஹிக்கின்சன் ஹைவேயில் மினிபஸ் டாக்ஸி குறுக்கே பாய, நீங்கள் ஒடித்துத் திருப்பித் தடுப்பில் மோதியிருக்கிறீர்கள். டாக்ஸி உங்கள் காரைத் தொடவில்லை, நிற்கவும் இல்லை. கேட்க வழி உண்டா என்கிறீர்கள்.

உண்டு. தென்னாப்பிரிக்கச் சட்டம் பார்ப்பது யாருடைய கவனக்குறைவு என்பதைத்தான், பெயின்ட் உரசியதா என்பதை அல்ல. ஓடிப்போன வண்டி நம்மைத் தொட்டிருந்தால்தான் சாலை விபத்து நிதியம் (விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் அரசு அமைப்பு) பணம் தரும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2003இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. காயம்பட்ட எத்தனை பேருக்கு அது நிம்மதி!

ஆனால் நிதியம் உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே தரும். நசுங்கிய பம்பருக்கு ஒரு ராண்ட் கூட வராது. அதற்கு உங்கள் சொந்த கார் இன்சூரன்ஸ் பாலிசிதான்; நம்பர் தெரிந்தால் டாக்ஸிக்காரர்மீது வழக்குப் போடலாம்.

கஷ்டமெல்லாம் நிரூபிப்பதில்தான். சாட்சி இல்லையென்றால் "தானாகப் போய் மோதினார்" என்பார்கள். பிரேக் போட்ட கறுப்புத் தடத்தை மழை கழுவுமுன் படமெடுங்கள், பின்னால் வந்தவரைத் தேடிப் பிடியுங்கள், 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதியுங்கள். நீங்களும் வேகமாகப் போயிருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். காயத்துக்கான மனுவுக்குக் கெடு, வண்டி தெரியாவிட்டால் 2 ஆண்டு, தெரிந்தால் 3.