டெல்லி வழியாக டொரான்டோ: 15 கிலோவா, 46 கிலோவா?

"பெங்களூரில் ஏறி, டெல்லியில் மாறி, டொரான்டோ போகிறேன். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் என்கிறார்கள். டொரான்டோ டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்று இருக்கிறது. எந்தக் கணக்கில் பெட்டி கட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெங்களூர்–டெல்லி, டெல்லி–டொரான்டோ இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா, தனித்தனியாக வாங்கினீர்களா என்பதை முதலில் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெங்களூரிலிருந்தே 46 கிலோ செல்லும். டெல்லி வரையிலான பகுதியும் வெளிநாட்டுப் பயணத்தின் அங்கமாகவே கொள்ளப்படும். இரண்டு டிக்கெட் என்றால் பெங்களூர் கவுன்டரில் இருப்பவர் டெல்லிப் பயணியாகத்தான் உங்களைப் பார்ப்பார். அங்கே பெரும்பாலும் 15 கிலோ, சில நிறுவனங்களில் அதுவும் ஒரே பெட்டியாக.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது அம்மாவின் முதல் விமானப் பயணத்தில். அக்காவின் பிரசவத்துக்குப் புறப்பட்டார். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று ஏஜென்ட் இரண்டு டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 22 கிலோ வீதம் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு காவேரிப்பட்டணத்திலிருந்து நள்ளிரவில் கிளம்பினோம். கவுன்டரில் 29 கிலோ அதிகம் என்றார்கள். உள்நாட்டில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள், பெருக்கிப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு மட்டும் ஏழு கிலோவுக்குப் பணம் கட்டி அம்மாவை அனுப்பிவிட்டு, இன்னொன்றைத் திரும்ப எடுத்து வந்தேன். கொட்டை எடுத்த புளி, ராகி மாவு, அம்மா இரண்டு நாள் நின்று கிளறிய பிரசவ லேகியம் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த ஏஜென்ட் மீதான கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. டெல்லியிலும் அம்மா தனியாகப் பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியிருந்தது.

தருமபுரிப் பக்கத்தில் இருப்பவர்கள் சேலம் காமலாபுரம் விமான நிலையம் பக்கம் என்று சென்னை வரை தனி டிக்கெட் வாங்கி, அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க நினைப்பதுண்டு. அங்கும் இதே சிக்கல்தான். ஏற்கெனவே இரண்டாக வாங்கிவிட்டீர்கள் என்றால், வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் கூடுதல் எடை தருவார்களா என்று உள்நாட்டு நிறுவனத்தை முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். இல்லை என்றால் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். கவுன்டரில் கட்டுவதைவிடப் பொதுவாகக் குறைவு.

டிக்கெட்டில் பேக்கேஜ் என்ற இடத்தில் '2பிசி' என்றோ '30கே' என்றோ இருக்கும். இரண்டும் வேறு கணக்கு. 'பிசி' என்பது பெட்டியின் எண்ணிக்கை. அமெரிக்கா, கனடா செல்லும் டிக்கெட்டுகளில் இதுதான் வழக்கம். சாதாரண வகுப்பில் பெட்டிக்கு 23 கிலோ வரம்பு. ஒன்று 26, மற்றது 20, கூட்டினால் 46தானே என்ற வாதம் செல்லாது. 'கே' என்பது மொத்தக் கிலோ. துபாய், மஸ்கட் செல்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். குடும்பமாக ஒரே டிக்கெட் பதிவில் போனால், எடைக் கணக்கில் ஒருவர் மிச்சத்தை இன்னொருவர் பயன்படுத்திக்கொள்ளப் பல நிறுவனங்கள் விடுகின்றன. எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கி வைப்பவர்களும் மனிதர்கள் அல்லவா?

எடை பார்க்க, கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு மின்தராசு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பெட்டியை மாங்காய் மண்டித் தராசில் வைத்துப் பார்ப்போம், அதுவும் சரியாகவே இருக்கும். காலிப் பெட்டியே நான்கைந்து கிலோ இழுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கைப்பை பெரும்பாலும் 7 கிலோ, ஒன்றுதான். ஊறுகாய், நெய், மாங்கூழ் டின் எல்லாம் ஒப்படைக்கும் பெட்டியில் போகட்டும். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டுமே. கொப்பரையை எதிலும் வைக்காதீர்கள். அதன் எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பற்றும். அதனால் தடை இருக்கிறது.

கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டைப் படித்துவிட்டு நகருங்கள். கடைசி ஊராக டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடான 'ஒய்ஒய்இசட்' இருக்க வேண்டும். டெல்லி என்று இருந்தால் அங்கேயே கேளுங்கள். திரும்பி வரும்போது மட்டும், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், டெல்லியில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி டிக்கெட் வாங்குங்கள்.